பிறந்த வீட்டை வாடகைக்கு எடுத்தவள்

செப்டம்பர் 3, ஞாயிறு

இன்றைக்கு நான்கு கல்யாண மண்டபம் பார்த்தோம். முதல் மண்டபத்தில் மேடை கார் ஷோரூம் மாதிரி பளபளவென்று இருந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார வைத்தால் விலைச்சீட்டு ஒட்டிவிடுவார்கள் போல. இரண்டாவதில் சாப்பாட்டுக்கூடம் மூன்றாவது மாடியில். வயசானவர்கள் லிஃப்ட்டுக்கு வரிசையில் நின்று மேலே போய்ச் சேர்வதற்குள் ரசம் ஆறிவிடும். மூன்றாவது பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் சாயப்பட்டறை. நான்காவதில் மேனேஜர் கடைசிவரை இவரோடுதான் பேசினான், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அதற்காகவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்ததும் இந்துஜா செல்போனை நீட்டினாள். மாப்பிள்ளை தரணீஷ் அனுப்பிய படங்கள். அவர்கள் வீட்டில் பழைய காலத்து வீடாகப் பார்த்துக் கல்யாணம் வைக்க ஆசைப்படுகிறார்களாம். படத்தில் தொட்டிக்கட்டு வீடு, நடுவில் வானம் தெரியும் முற்றம், முன்கூடத்தில் இரண்டு கையாலும் அணைக்க முடியாத தேக்குத் தூண்கள். கீழே 'பெரியவீடு, பூவானூர். பாரம்பரியத் திருமணங்களுக்கு' என்று எழுதியிருந்தது.

"அம்மா, இது உன்ற வீடுதானே?" என்றாள்.

"படம் நல்லாத்தான் எடுத்திருக்காங்க" என்று சொல்லிவிட்டுக் குக்கர் வைக்கப் போனேன். இவர் பேப்பரை இறக்கி என்னைப் பார்த்தார். பி.டி. வாத்தியாராக இருந்தவர், விசில் கையில் இருந்தால்தான் சத்தம் வரும்.

ஆமாம், அது நான் பிறந்த வீடு. கார் நிறுத்த நிறைய இடம் இருக்கிறது. அதற்காகத்தான் யோசிக்கிறேன்.

செப்டம்பர் 5, செவ்வாய்

இவரைக் கட்டிக்கொண்டதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. சொந்தத்துக்குள்தான், ஆனால் இரண்டு ஏக்கர்கூட இல்லாத வாத்தியார். "இனி இந்த வாசப்படி உனக்கில்ல" என்றார். அப்பா சொன்னால் சொன்னதுதான். தம்பி சென்னியப்பன் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். தலையைக் குனிந்துகொண்டு பக்கத்தில் நின்றான்.

அப்பா இறந்தபோது போனேன். பெண்கள் கூட்டத்தோடு உட்கார்ந்து அழுதுவிட்டு, பெண்கள் கூட்டத்தோடே எழுந்து வந்துவிட்டேன். அவனும் கிட்டே வரவில்லை, நானும் போகவில்லை. அதற்கப்புறம் அவன் வீட்டைக் கோயமுத்தூர் கம்பெனி ஒன்றுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு, தோட்டத்துக்குள் இருக்கிற சின்ன ஓட்டு வீட்டில், எங்கள் சாளையில், குடியிருப்பதாகக் கேள்வி.

இன்று காப்பி குடிக்கும்போது இவர் வாயைத் திறந்தார். "மயிலா, அந்த வீடுதான் வேணும்னா உன் தம்பிக்கு ஒரு போன் பண்ணு. நேராக் கேளு."

"எதுக்குங்க கேக்கோணும்? கம்பெனி வாடகைக்கு விடுது, நாம எடுக்கறோம். ஊருல எல்லாரும் பண்றதுதானே. நான் யாருகிட்டயும் கையேந்தப் போறதில்ல."

"அப்ப என்ற பேருல புக் பண்ணாத" என்றார். அவர் அந்த மாதிரி குரலில் பேசி ரொம்ப நாளாகிறது.

இந்துஜா பேரில் பண்ணிக்கொள்ளலாம். ஈரோட்டில் எத்தனையோ இந்துஜா.

செப்டம்பர் 10, ஞாயிறு

பூவானூர் போய் வந்தோம். இவர் வரவில்லை, வயிறு சரியில்லையாம். நானும் இந்துஜாவும்தான்.

கம்பெனி மேனேஜர் ஜோயல் என்கிற பையன், கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றிக்காட்டினான். "இதுதான் மேடம் ராணியோட அந்தப்புரம்" என்றான். அது பருத்திக்கொட்டை மூட்டை அடுக்குகிற அறை. எலித் தொல்லை தாங்காமல் அம்மா அதற்குள் ஒரு பூனையை விட்டு வைத்திருந்தாள். "இங்க உக்காந்துதான் ராஜா தீர்ப்பு சொல்லுவார்" என்றான். அங்கே உட்கார்ந்துதான் அப்பா கால் நகம் வெட்டிக்கொள்வார். பின்பக்கம் நாங்கள் குளித்த, துணி துவைத்த பொடக்காலியில் நான்கு மூங்கில் தட்டி வைத்து மசாஜ் மேஜை போட்டிருக்கிறார்கள். இந்துஜா சிரிப்பை அடக்க முடியாமல் செடி பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டாள்.

"மேடம், படி உயரம், பாத்து வாங்க" என்று தலைவாசலில் என் கையைப் பிடிக்க வந்தான். அந்தப் படியில் நான் விழுந்து பல் உடைந்திருக்கிறது. எனக்கா சொல்கிறாய் என்று வாய்வரை வந்தது. உள்ளே போனதும் கொஞ்ச நேரம் தூணடியில் உட்கார வேண்டியதாகிவிட்டது. வெயில் அப்படி. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், நல்ல பையன்.

போகிற போக்கில், "ஓனர் இருப்பாருங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

"சார் தோட்டத்துலதான் இருப்பார் மேடம். ஃபங்ஷன் நாள்ல இந்தப் பக்கமே வரமாட்டார். முன்னப்பின்ன வந்து தூண்ல ஆணி அடிச்சிருக்காங்களான்னு மட்டும் பாத்துட்டுப் போவார்."

முன்பணம் கட்டிவிட்டோம். காரில் இந்துஜா கேட்டாள்: "மாமாவ எதுக்கும்மா கேட்ட?"

"வாடகை எடுக்கறவங்க ஓனர் யாருன்னு கேக்க மாட்டாங்களா?" என்றேன்.

செப்டம்பர் 24, ஞாயிறு

சம்பந்தியம்மா வீட்டுக்கு வந்திருந்தார். பூவானூர் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "பொண்ணோட அம்மா பொறந்த வீட்டுலயே கல்யாணம்னா எத்தன பேருக்குக் கெடைக்கும்ங்க. உங்க தம்பிக்குப் பெரிய மனசுங்க" என்றார். தம்பி வீட்டைக் கொடுத்திருப்பதாக அவராகவே முடிவு செய்துகொண்டார். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. பலகாரத் தட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளினேன்.

அவருக்கு இன்னொரு யோசனையும் வந்துவிட்டது. வீடு பழசாக இருக்கும்போது சடங்கும் பழைய முறைப்படி முழுசாக இருக்க வேண்டுமாம். அருமைக்காரரை வைத்து எல்லாச் சீரும் செய்ய வேண்டுமாம். அருமைக்காரர் என்றால் எங்கள் கல்யாணங்களில் முன்நின்று சடங்கு நடத்தும் பெரியவர்.

"உங்களுக்கு எழுதிங்கள் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார்.

எழுதிங்கள் என்பது கல்யாணமான பெண்ணுக்கு அவள் பிறந்த வீடு செய்கிற சீர். அண்ணனோ தம்பியோ சீர்த்தட்டோடு வந்து, கோடிச்சேலை கொடுத்து, உட்கார வைத்துச் செய்ய வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவைதான். அது ஆகாதவள் தன் பிள்ளை கல்யாணத்துச் சீரில் கை வைக்கக்கூடாது, ஒதுங்கித்தான் நிற்க வேண்டும் என்பது பழையவர்கள் வைத்த முறை. இப்போதெல்லாம் பலபேர் கல்யாணத்துக்கு முந்தின நாள் சட்டுப்புட்டென்று முடித்துக்கொள்கிறார்கள்.

எனக்கு ஆகவில்லை. யார் செய்வது?

"முந்தின நாள் வெச்சுக்கலாம்னு இருக்கறமுங்க" என்றேன்.

"அப்ப உங்க தம்பி வந்துருவாருங்கல்ல?"

"வந்துருவானுங்க."

வாயிலிருந்து வந்துவிட்டது. சமையல் அறை வாசலில் இவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 9, திங்கள்

பத்திரிகையில் தாய்மாமன் என்ற இடத்தில் சென்னியப்பன் பேரைப் போடச் சொல்லிவிட்டேன். அவனைக் கேட்காமல் போட்டாலும் அது அவன் இடம்தான்.

அக்டோபர் 21, சனி

சமையல்காரரைப் பூவானூர் கூட்டிப்போய் அடுப்பு போடுகிற இடத்தைக் காட்டினேன். அவரே போயிருப்பார். ஆனால் இந்த ஆட்களை நம்ப முடியாது.

நவம்பர் 5, ஞாயிறு

மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்கப் போனேன். "பூக்காரரே ஒரு தடவதான் மேடம் வந்தார், நீங்க மூணாவது தடவ" என்று ஜோயல் சிரித்தான். உனக்கென்னப்பா, என் பெண் கல்யாணம் என்றேன்.

மாடி அறை ஜன்னலில் துணி எவ்வளவு வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மொபெட் சத்தம். எட்டிப் பார்த்தேன். சென்னியப்பன்.

தலை முழுக்க நரைத்துவிட்டது. நடை அப்படியே அப்பா நடை, ஒரு தோளை முன்னால் விட்டு. பெயின்ட் அடிக்கிறவர்களிடம், "ஏணியத் தூண் மேல சாத்தாதீங்கப்பா, அக்கட்ட வைங்க" என்று சொன்னான். குரலில் மட்டும் அப்பா இல்லை. அப்பா என்றால் கத்தியிருப்பார்.

சென்னி என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் நிமிர்ந்து பார்த்திருப்பான். பத்துப் படி இறங்கினால் முற்றம். நான் ஜன்னல் கதவுக்குப் பின்னால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றேன். மொபெட் சத்தம் தெருமுனை திரும்புகிறவரை அப்படியே நின்றேன். ஐம்பத்துநாலு வயசில், பலகாரம் திருடிய பிள்ளை மாதிரி.

ஒன்றும் எதிர்பார்த்துப் போகவில்லை. கையில் அளவு நாடா இருந்தது, பாதி வேலை நடந்துகொண்டிருந்தது. இருந்தாலும் கூப்பிட்டிருக்கலாம்.

நவம்பர் 13, திங்கள்

நேற்றுத் தீபாவளி. முறுக்கு எண்ணெய் குடித்துவிட்டது.

டிசம்பர் 7, வியாழன்

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால் தம்பி பெண்டாட்டி கலாமணி. பஸ்ஸில் வந்திருந்தாள், கையில் ஒரு பையும் இல்லை. அவளை அப்பா எழவு அன்றைக்கு ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன்.

"வாங்க நங்கை" என்றேன், நாத்தனார் முறைக்கு எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"சாமி ரூம் சாவி எங்ககிட்டத்தான் இருக்குதுங்க. ஜனவரியில ஒரு கல்யாணம், சீர் பண்ண வெளக்கேத்தோணும், சாவி வேணும்னு கம்பெனிப் பையன் பத்திரிகையோட வந்தான். இவிய வாங்கிப் பாத்தாரு. தாய்மாமன்னு இவிய பேரே போட்டிருக்குது. அக்கா மக கல்யாணத்துப் பத்திரிகை, வீட்டுக்கு மேனேஜர் கொண்டாந்து குடுத்திருக்கறான்."

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"வாடகையத் திருப்பிக் குடுங்கன்னு கம்பெனிக்காரங்ககிட்டச் சண்டை போட்டாரு. குத்தகை முடியற வரைக்கும் வீடு எங்க கையில, அதுல நீங்க தலையிட முடியாதுன்னுட்டாங்க. மூணு நாளாச் சோறு எறங்கலீங்க. பொறந்தவளுக்கு வீட்ட வாடகைக்கு விட்டவன்னு ஊரு பேசும்னு அதையே சொல்லிட்டிருக்கறாரு."

"அவனுக்குத் தெரியாம நடந்ததுன்னு நான் சொல்லிக்கறேன்."

"யாருகிட்டச் சொல்லுவீங்க? ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்குக் கம்பெனிக்காரன வெளிய நிறுத்திப்போட்டு அவரே வாசல்ல நின்னு கூட்டிட்டுப் போயிருப்பாருங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தன வருஷம் ஒரு போன் அவன் பண்ணுனானா? நான்தான் கையேந்தோணுமா?" என்று கேட்டேன்.

"உங்கப்பா இருக்கற வரைக்கும் அவருக்குப் பயம். அதுக்கப்பறம் வெக்கம். அது தப்புத்தான், நானே சொல்லியிருக்கறேன்" என்றாள். அப்புறம் மெதுவாக, "ஆனா நங்கை, பொறந்த வீட்டுல போயிக் கேக்கறதுக்குப் பேரு கையேந்தறதுங்களா?" என்றாள்.

பஸ் நிறுத்தம்வரை போய் அவளை ஏற்றிவிட்டது இவர்தான். நான் எழுந்திருக்கவில்லை.

டிசம்பர் 8, வெள்ளி

வேறு மண்டபம் கிடைக்குமா என்று விசாரித்தேன். தை மாதத்துக்கு எங்கேயும் இல்லை. பத்திரிகை பாதி கொடுத்தாகிவிட்டது.

டிசம்பர் 10, ஞாயிறு

மார்கழி பிறப்பதற்குள் அழைத்துவிட வேண்டும் என்று இவரும் நானும் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை வைத்துக்கொண்டு சாளைக்குப் போனோம்.

சென்னியப்பன் வாசலிலேயே நின்றிருந்தான். "வாங்க மாமா, வாங்க" என்றான். என்னையும் சேர்த்துத்தான் வாங்க என்றான். சின்ன வயசில் என் ஜடையைப் பிடித்து இழுத்தவன். விருந்தாளிக்குக் கொடுக்கிற கண்ணாடி டம்ளரில் காப்பி வந்தது. மழை, மஞ்சள் விலை, இவருடைய சர்க்கரை நோய், எல்லாம் பேசினோம். நான் தட்டை நீட்டினேன். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். முறையில் ஒரு குறை வைக்கவில்லை.

"முந்தின நாள் எழுதிங்கள் வெச்சிருக்கறோம்" என்றேன். "நீதான் வந்து செய்யோணும்."

தட்டைப் பக்கத்தில் இறக்கி வைத்தான்.

"நான் எங்கிருந்து வாரதுங்க்கா?"

எனக்குப் புரியவில்லை.

"சீர்னா பொறந்த வீட்டுல இருந்து கெளம்பி உங்க வீட்டுக்கு வரோணும். நீங்க பொறந்த வீட்டுக்குள்ளயே காசு குடுத்து உக்காந்துட்டீங்க. என்ற வீட்டுல இருந்து சீரத் தூக்கிட்டு என்ற வீட்டுக்கே வாரதுங்களா? அந்த வாசல்ல நான் யாரா நிக்கறது, ஓனரா, தாய்மாமனா?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்திருப்பேன். நிஜமாகவே விடை தெரியாத கணக்கைக் கேட்கிற மாதிரி கேட்டான்.

"நீ யோசிச்சுச் சொல்லு சென்னி" என்று இவர் அவன் தோளைத் தட்டினார்.

"பாக்கறனுங்க மாமா" என்றான்.

திரும்பி வரும்போது தோட்டம் தாண்டுகிறவரை அடக்கி வைத்திருந்தேன். அப்புறம் முடியவில்லை. அந்த வீட்டைப் பார்த்த அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த வீடுதான் வேண்டும் என்று இவனிடமே வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டையும் செய்யாமல் கௌரவமாக ஒரு வேலை செய்தேன்.

ஜனவரி 7, ஞாயிறு

போன் வரவில்லை.

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் முடிந்தது. தம்பியிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. நானும் பண்ணவில்லை. பாக்கறேன் என்று சொன்னவனைத் துரத்தக்கூடாது.

சம்பந்தியம்மா இன்றைக்கும் போன் பண்ணி, "உங்க தம்பி குடும்பத்துக்கு எத்தன ரூம்ங்க ஒதுக்கறது?" என்று கேட்டார். இரண்டு என்று சொன்னேன். வைத்த கையோடு சித்தப்பா மகன் ராக்கியப்பனைக் கூப்பிட்டேன். அவன் ஈரோட்டில்தான் ஜவுளிக்கடை வைத்திருக்கிறான், நல்லது கெட்டதுக்கு வந்து போகிறவன். ஒருவேளை சென்னியால் வர முடியாமல் போனால் நீ நின்று செய்துவிடு, நீயும் பிறந்தவன் முறைதான் என்றேன். தயங்கினான். "சென்னியப்பனுக்குத் தெரியுமாக்கா?" என்று கேட்டான்.

"ஒருவேளை அவன் வராட்டித்தான்" என்றேன்.

இவரிடம் சொன்னபோது, "வேண்டாம் மயிலா" என்றார். ஆனால் சம்பந்திக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். எல்லோர் முன்னாலும் நான் ஒதுங்கி நின்றால் நாளைக்கு இந்துஜாவுக்குத்தான் பேச்சு. அவளுக்காகத்தான் இதெல்லாம்.

ஜனவரி 27, சனி

பெரியவீட்டில், மாடி அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே சாப்பாட்டுப் பந்தி நடக்கிறது. பசியில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை வரை ராகு காலம். அதனால் எழுதிங்களை எட்டு மணிக்குள் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏழரைக்கெல்லாம் முற்றத்தில் கோலம் போட்டு, மணை போட்டு, அருமைக்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். சாமி அறைச் சாவி நேற்றே ஜோயல் கைக்கு வந்துவிட்டது. சாவி வந்ததே தவிர ஆள் வரவில்லை.

சம்பந்தி வீட்டார் நாற்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நான் நிமிடத்துக்கு ஒரு தடவை தலைவாசலைப் பார்த்தேன். எட்டு தாண்டியது. சம்பந்தியம்மா பக்கத்தில் வந்து, "தம்பி இன்னும் காணமுங்க?" என்று மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் அவருடைய ஓர்ப்படியாள் திரும்பிப் பார்த்தாள், அவள் பார்த்ததும் இன்னும் நான்கு பேர் பார்த்தார்கள்.

அருமைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். வயசானவர், அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். "ஒண்ணும் அவசரமில்ல அம்மிணி. பத்தரைக்கு மேல இன்னொரு நல்ல நேரம் இருக்குது. இருந்து பாக்கலாமா?" என்றார்.

இவர், "இருக்கலாம்" என்றார். இந்துஜாவும், "அம்மா, இருக்கலாம்மா" என்று என் கையைப் பிடித்தாள்.

பத்தரை வரைக்கும் அந்த நாற்பது பேர் முன்னால் வாசலைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறமும் வராவிட்டால்?

"வேண்டாமுங்க, ஆரம்பிச்சுருங்க" என்றேன். "தம்பிக்கு ஒடம்பு சரியில்ல. ராக்கியப்பன் நிக்கறான்."

ராக்கியப்பன் தட்டை எடுத்து வந்தான். கோடிச்சேலையைக் கொடுத்தான். நான் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்து மணையில் உட்கார்ந்தேன். அருமைக்காரர் செய்ய வேண்டியதையெல்லாம் நிதானமாகச் செய்தார். ஒன்பதுக்குள் முடிந்துவிட்டது. எல்லோரும் டிபன் சாப்பிடப் போனார்கள்.

பதினொரு மணி இருக்கும். தெருவில் மேளச் சத்தம் கேட்டது. நாங்கள் சொன்ன மேளம் சாயங்காலம்தான். ஜோயல் ஓடி வந்து, "மேடம், ஓனர் சார் வர்றார், கூட நிறையப் பேர்" என்றான்.

வாசலுக்குப் போனேன். முன்னால் மேளம். அதற்குப் பின்னால் சென்னியப்பன், பட்டு வேட்டி கட்டி, சட்டையில்லாமல் துண்டு மட்டும் போட்டு, தலையில் சீர்த்தட்டைச் சுமந்துகொண்டு நடந்து வந்தான். கலாமணியும் பூவானூர்ப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொரு தட்டு. எல்லோர் நெற்றியிலும் விபூதி. காலெல்லாம் செம்மண் புழுதி.

கலாமணிதான் முதலில் கிட்டே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க குலக்கோயில்ல இருந்து நடந்தே வாரமுங்க நங்கை. நேத்துத்தான் இவருக்கு யோசன வந்துச்சு. கோயில்ல வெச்சுச் சீரெடுத்துட்டுக் கெளம்பினா ஆரு வீட்டுல இருந்து ஆரு வீட்டுக்குன்னு கேள்வியே வராதுல்லீங்க? பூசாரி வந்து நடை தொறந்து பூசை பண்ணி, ராகு காலம் முடிஞ்சு கெளம்பினோம். பொறந்தவன் வராம எழுதிங்கள் ஆரம்பிக்க மாட்டாங்க, மெதுவாப் போலாம்னு..."

பேசிக்கொண்டே வந்தவள் என் சேலையைப் பார்த்தாள். மடிப்புக் கலையாத கோடிச்சேலை. நெற்றியில் அருமைக்காரர் வைத்த மஞ்சள். பேச்சு நின்றுவிட்டது.

சென்னியப்பனும் பார்த்தான். தட்டு இன்னும் தலையில்தான் இருந்தது. மேளக்காரர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். அவன் கண் என்னைத் தாண்டி, உள்ளே தூணடியில் நின்றிருந்த ராக்கியப்பன் மேல் போனது. ராக்கியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"ஆயிருச்சுங்களா" என்றான்.

நான் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"பரவால்லீங்க. புள்ளைக்குச் செய்யறதுக்கு இன்னும் இருக்குதுல்ல" என்றான். குனிந்து தட்டை இறக்கி இந்துஜா கையில் கொடுத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு அவன் காலில் விழுந்து அழுதாள். கல்யாணப் பெண் மாமன் காலில் விழுந்து அழுவது எல்லோருக்கும் நன்றாக இருந்தது. போட்டோக்காரன் ஓடி வந்து எடுத்தான்.

ஜனவரி 29, திங்கள்

கல்யாணம் நன்றாக முடிந்தது. தாய்மாமன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் சென்னியப்பன் செய்தான். மாலை போட்டான், கூட நின்றான், பந்தியில் சம்பந்தி வீட்டாரை உபசரித்தான். உடம்பு இப்போது தேவலையா என்று சம்பந்தியம்மா கேட்டதற்கு ஒரு நொடி என்னைப் பார்த்துவிட்டு, "தேவலாமுங்க" என்றான். என் பொய்யையும் அவனே சுமந்தான்.

வீட்டைப் பற்றி எல்லோரும் புகழ்ந்தார்கள். இந்த மாதிரி கல்யாணம் பார்த்ததில்லை என்றார்கள்.

பிப்ரவரி 3, சனி

தம்பி கொண்டுவந்த சீர்ச்சேலை பீரோவில் இருக்கிறது. அரக்கில் மாம்பழ நிறக் கரை. ராக்கியப்பன் எடுத்ததைவிட எனக்குப் பொருத்தமான நிறம். எதற்கு உடுத்துவது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

யாரிடமும் சொல்லாமல், போனும் பண்ணாமல், காலைப் பஸ்ஸில் சாளைக்குப் போனேன். தட்டு, பழம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

சென்னியப்பன் தோட்டத்தில் மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் மண்வெட்டியை ஊன்றி வைத்துவிட்டு வரப்புக்கு வந்தான். "வாக்கா" என்றான். இந்தத் தடவை வாங்க இல்லை. எனக்கு அதுவே போதும் போல இருந்தது.

வரப்பில் உட்கார்ந்து இந்துஜா எப்படி இருக்கிறாள் என்று பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவன் காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் வழித்துக்கொண்டே கேட்டான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? அருமைக்காரரக் கோயில்ல பாத்தேன். பத்தரைக்கு மேல இன்னொரு நல்ல நேரம் இருக்குதுன்னு அன்னைக்கு உன்கிட்டச் சொன்னாராமா."

"சொன்னாரு."

"நீதான் வேண்டாம்னியாமா."

வரும் வழியெல்லாம் பதில் தயாராக வைத்திருந்தேன். சம்பந்தி வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள், டிபன் ஆறிக்கொண்டிருந்தது, இந்துஜாவுக்குப் பேச்சு வரும், எல்லாம். அவன் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன்.

"ஆமாப்பா. நீ வரமாட்டேன்னு நெனச்சுப்போட்டேன்."

அவன் தலையாட்டினான். "நீ நெனச்சதுல தப்பில்லக்கா. இத்தன வருஷம் நான் அப்படித்தான் இருந்திருக்கறேன்" என்றான். குச்சியைத் தூர எறிந்தான். "அன்னைக்கு வந்தேன்ல" என்றான்.

பக்கத்துப் பாத்தி நிரம்பித் தண்ணீர் வழிய ஆரம்பித்தது. மடை மாற்ற எழுந்து போனான். போனவன் அடுத்த பாத்தி, அதற்கடுத்த பாத்தி என்று தோட்டத்தின் மறுகோடிவரை போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

கலாமணி சாப்பிடக் கூப்பிட்டாள். போட்டதைச் சாப்பிட்டேன். மத்தியானப் பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அடுத்ததும் போனது. "இருட்டறதுக்குள்ள போகோணுங்களே நங்கை" என்று கலாமணி சொன்னாள். நான் எழுந்திருக்கவில்லை.

வெயில் சாய்ந்தபிறகு சென்னியப்பன் கைகால் கழுவிக்கொண்டு வந்தான். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நின்றான்.

"இன்னும் போகலியாக்கா?"

"இல்லப்பா. நீ வரட்டும்னு இருந்தேன்."

அன்றைக்கு அருமைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.